டிப்ளமோவா, நேராகப் பட்டறையா? வாகனப் பழுதுநீக்கப் படிப்பின் வரவு செலவு: ஒரு நிகழ்வு ஆய்வு

கல்லூரிக் கட்டணம் எவ்வளவு, முடித்தால் சம்பளம் எவ்வளவு என்ற இரண்டு கேள்வியோடு பலர் முடிவெடுத்துவிடுகிறார்கள். வாகனப் பழுதுநீக்கத் தொழிலில் இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் தப்பும். செலவில் கட்டணம் பாதிகூட வராது. வரவிலோ, சம்பளத்தை மேலே தூக்குவது பழுதைக் கண்டுபிடிக்கும் திறன். அதைக் கைக்குக் கொண்டுவராமலே சான்றிதழ் கொடுத்து அனுப்பும் படிப்புகளும் இருக்கின்றன.

எடுத்துக்கொண்ட நிகழ்வு

பள்ளிப்படிப்பு முடித்த 18 வயதுக்காரர் ஒருவர். வண்டி வேலையில் விருப்பம் உண்டு, கையில் சேமிப்பு இல்லை. முன்னால் மூன்று வழி: இரண்டு ஆண்டு முழுநேர டிப்ளமோ படிப்பு, நேராகப் பட்டறையில் ஹெல்பர் வேலை, குறைந்த சம்பளத்தோடு வேலையும் வகுப்பும் கலந்த மூன்று ஆண்டுத் தொழிற்பழகுநர் பயிற்சி.

இவர் கணக்குக்காக அமைத்துக்கொண்ட மாதிரி ஆள். கீழே வரும் எண்களும் அப்படியே. பணத்தைச் சொல்ல ஓர் அளவு வேண்டும் என்பதால், புதிதாகச் சேரும் ஹெல்பரின் ஒரு மாதச் சம்பளத்தை 1 பங்கு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர்ச் சம்பளம், உங்கள் கல்லூரிக் கட்டணம் இரண்டையும் இந்த அளவுக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். எண் மாறும், கணக்கின் வழி மாறாது.

செலவுப் பக்கம்

இரண்டு ஆண்டுக்குமான கட்டணம் 20 பங்கு. புத்தகம், சீருடை, பாதுகாப்புக் காலணி, போக்குவரத்து 2 பங்கு. இவ்வளவுதான் ரசீதில் தெரியும்.

ரசீதில் வராத செலவு இதைவிடப் பெரிது. இதே 24 மாதம் அவர் பட்டறையில் இருந்திருந்தால் முதல் ஆண்டு மாதம் 1 பங்கு, இரண்டாம் ஆண்டு மாதம் 1.2 பங்கு என மொத்தம் 26.4 பங்கு வாங்கியிருப்பார். அது கைவிட்டுப் போகிறது. படிக்கும்போது வார இறுதியில் டயர் கடையிலோ சர்வீஸ் நிலையத்திலோ வேலை பார்த்து 6 பங்கு திரட்டினார் என்று கழித்துக்கொள்வோம். 20, 2, 26.4 மூன்றையும் கூட்டி 6 கழித்தால் 42.4 பங்கு. படிப்பின் உண்மை விலை இதுதான்.

கடன் வாங்கிப் படித்தால் இதற்கு மேல் வட்டி. ஆண்டுக்கு 10 பங்காக இரண்டு தவணையில் 20 பங்கு கடன், வட்டி 10 சதவீதம், படிப்பு முடிந்து நான்கு ஆண்டில் அடைப்பது என்று வைத்தால், வட்டி மட்டும் ஏறக்குறைய 7 பங்கு வரும். படிக்கும் காலத்து வட்டியை அவ்வப்போது கட்டாமல் அசலில் சேர விட்டால் இன்னும் கூடும்.

கருவிகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, ஏனென்றால் மூன்று வழியிலும் அவை வாங்கியே தீர வேண்டும். வித்தியாசம் வாங்கும் நேரத்தில். நேராக வேலைக்குப் போனவர் சம்பளம் வர வரச் சேர்ப்பார். மாணவருக்கு வருமானம் இல்லாத காலத்திலேயே ஒரு பெரிய டூல் பாக்ஸைத் தவணையில் தலையில் கட்டுவார்கள். முதல் ஆண்டில் உண்மையில் வேண்டியவை கொஞ்சம்தான்: 8 முதல் 19 மில்லிமீட்டர் வரை ஸ்பேனர், அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்று தொடங்காமல், கால் அங்குலமும் எட்டில் மூன்று அங்குலமும் கொண்ட சாக்கெட் செட், ஸ்க்ரூடிரைவர், பிளையர், ஃபீலர் கேஜ், ஒரு டார்க் ரெஞ்ச், ஒரு நல்ல மல்டிமீட்டர். மீட்டரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. உள்தடை 10 மெகாஓம் இல்லாத மலிவு மீட்டர், சென்சார் வயரில் வைத்ததும் சிக்னலையே கீழே இழுத்துவிடும். பிறகு நல்ல சென்சாரைக் கெட்டது என்று கழற்றிக்கொண்டிருப்பீர்கள்.

வரவுப் பக்கம்

நேராகப் பட்டறைக்குப் போனவரின் மாதச் சம்பளம் மூன்றாம் ஆண்டில் 1.4, நான்காம் ஆண்டில் 1.6, ஐந்தாம் ஆண்டில் 1.8, ஆறாம் ஆண்டில் 1.9, ஏழாம் ஆண்டில் 2 பங்கு என்று ஏறி அங்கேயே நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது, கிளட்ச் இறக்கி ஏற்றுவது போன்ற வேலைகளில் கை எவ்வளவு வேகமானாலும் அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு.

படித்து வந்தவர் மூன்றாம் ஆண்டில் 1.3 பங்கில் தொடங்குகிறார். அதாவது அதே வயதுப் பட்டறைக்காரரைவிடக் குறைவாக. சான்றிதழ் வாங்கிய முதல் மாதத்தில் பலருக்கு விழும் அடி இது. துரு ஏறிய போல்ட்டை முறிக்காமல் கழற்றத் தெரிந்தவருக்குத்தான் பட்டறை முதலில் காசு கொடுக்கும். அதன் பிறகு 1.8, 2.3, 2.6, 2.8, 2.9, 3 என்று ஏறுகிறது.

மூன்றாம் ஆண்டில் 1.2 பங்கு இழப்பு. நான்காம் ஆண்டில் 2.4 பங்கு கூடுதல், பிறகு ஆண்டுவாரியாக 6, 8.4, 9.6, 10.8. எட்டாம் ஆண்டு முடிவில் மொத்தம் 36 பங்கு கைக்கு வந்திருக்கும். ஒன்பதாம் ஆண்டில் மாதம் 1 பங்கு கூடுதல், மீதி 6.4 பங்கு அந்த ஆண்டின் நடுவில் அடைபடும். கல்லூரி முடித்து வெளியே வந்து ஆறரை ஆண்டு கழித்துத்தான் போட்ட முதல் திரும்பி வருகிறது. கடன் வட்டியையும் சேர்த்தால் பத்தாம் ஆண்டின் தொடக்கம்.

இதே கணக்கைக் கெட்ட வழியில் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். படித்து வந்தவர் பழுது கண்டுபிடிக்கக் கற்காமல், பட்டறைக்காரர் செய்யும் அதே பாகம் மாற்றும் வேலையில் நின்றுவிடுகிறார். சான்றிதழுக்காக மாதம் 0.1 பங்கு மட்டும் கூடக் கிடைக்கிறது. ஆண்டுக்கு 1.2 பங்கு. 42.4 பங்கு திரும்ப 35 ஆண்டு ஆகும். முதல் ஆண்டோடு படிப்பை விட்டவர் நிலை இன்னொரு மாதிரி: கட்டணம் 10, புத்தகச் செலவு 1, இழந்த சம்பளம் 12, பகுதிநேர வருமானம் 3 கழித்தால் 20 பங்கு போயிருக்கும், காட்டக் காகிதமும் இருக்காது.

மூன்றாவது வழியான தொழிற்பழகுநர் பயிற்சியில், மூன்று ஆண்டு குறைந்த சம்பளத்தால் 7.2 பங்கும் கட்டணமாக 3 பங்கும் என்று வைத்தால் செலவு 10.2 பங்குதான். பிறகு 1.8, 2.2, 2.5 என்று ஏறினால் ஆறாம் ஆண்டின் நடுவிலேயே முதல் திரும்பிவிடும். ஜெர்மனியில் இந்தத் தொழிலுக்கு வருவதற்கான வழக்கமான பாதையே இப்படிப்பட்ட மூன்றரை ஆண்டுப் பயிற்சிதான். மெக்கானிக், வண்டி எலக்ட்ரீஷியன் என்று தனித்தனியாக இருந்த பிரிவுகளை 2003இல் அங்கே ஒரே தொழிலாக இணைத்தார்கள். நல்ல பயிற்சி இடம் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்க வேண்டிய வழி இது. கிடைப்பதுதான் கடினம். ஒப்பந்தத்தில் பயிற்சி என்று எழுதிவிட்டு மூன்று ஆண்டும் கழுவும் இடத்திலும் ஆயில் தட்டுக்கு அடியிலும் நிறுத்திவைக்கும் இடமானால், அது குறைந்த சம்பளத்துக்கு ஆள் பிடிக்கும் வேலை.

சம்பளத்தை உயர்த்தும் அந்தத் திறன் என்ன?

மேலே உள்ள கணக்கு முழுவதும் ஒரே ஒரு ஊகத்தில் நிற்கிறது: படித்தவர் நான்காம் ஆண்டுக்கு மேல் பழுது கண்டுபிடிப்பவராக மாறுகிறார் என்பது. அது பட்டறையில் எப்படிக் காசாகிறது என்பதற்கு இரண்டு ஜாப் கார்டு, அதாவது வண்டிக்கு வண்டி எழுதும் வேலைச் சீட்டு.

முதல் வண்டி. எஞ்சின் விளக்கு எரிகிறது, ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) நடுக்கம். ஸ்கேனரில் பி0171 என்ற பிழைக் குறியீடு, அதாவது எரிபொருள் கலவையில் காற்று அதிகம். குறியீட்டைப் பார்த்ததும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுவது பரவலான பழக்கம். புது சென்சாரும் அதையே சொல்லும், ஏனென்றால் பழைய சென்சார் சொன்னது உண்மை. அடுத்து காற்றளவு சென்சார், அதற்கடுத்து பெட்ரோல் பம்ப். மூன்று பாகம் மாறியும் விளக்கு அணையாது. மூன்றாவது தடவை வண்டி திரும்பும்போது லேபர் கேட்க வாய் வராது.

கற்றவர் எதையும் கழற்றுமுன் ஃபியூயல் டிரிம் எண்களைப் பார்ப்பார். கலவையைச் சரிசெய்ய எஞ்சின் கணினி எரிபொருளை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதே அந்த எண். ஐடிலில் குறுகிய கால டிரிம் கூட்டல் 6, நீண்ட கால டிரிம் கூட்டல் 22, சேர்த்து 28 சதவீதம். 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் இரண்டும் சேர்ந்து 6 சதவீதத்துக்கு இறங்குகிறது. இந்த இறக்கமே விடை. ஐடிலில் எஞ்சின் நொடிக்கு 3 கிராம் காற்று இழுக்கிறது. ஓட்டை வழியாக 0.8 கிராம் கணக்கில் வராமல் நுழைந்தால் அது கால்வாசிக்கு மேல். 2500 ஆர்பிஎம்மில் 12 கிராம் இழுக்கும்போது அதே அளவு கசிவு ஆறேழு சதவீதம்தான். ஆக, வாக்கம் லீக், அதாவது அளவில் படாமல் காற்று உள்ளே கசிகிறது. மாறாக, வேகமும் சுமையும் கூடக் கூட டிரிம் ஏறியிருந்தால் பெட்ரோல் அழுத்தத்தையோ அழுக்கேறிய காற்றளவு சென்சாரையோ சந்தேகிக்கலாம். புகை விட்டுப் பார்த்தால் எஞ்சினுக்குள் சேரும் வாயுவைக் காற்று உள்வழிக்குத் திருப்பும் பிசிவி குழாயின் வளைவில் அடிப்பக்கம் ஒரு வெடிப்பு. வேலை நாற்பது நிமிடம், பாகம் ஒரு ரப்பர் குழாய்.

இதிலும் ஒரு பொறி உண்டு. காற்றளவு சென்சார் இல்லாமல் மேனிஃபோல்டு (காற்று உள்வழிக் குழாய்) அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் எஞ்சினில், கசிந்து வரும் காற்றும் அழுத்தமாகத் தெரிந்துவிடும். கணினி அதற்கும் சேர்த்து எரிபொருள் கொடுக்கும். டிரிம் ஏறக்குறைய சரியாகவே இருக்கும், ஐடில் மட்டும் உயர்ந்து நிற்கும். எந்த வகை எஞ்சின் என்று பார்க்காமல் டிரிம் அட்டவணையை மனப்பாடம் செய்தவர் இங்கே மாட்டுவார்.

இரண்டாவது வண்டி. சாவி திருப்பினால் செல்ஃப் மெதுவாக முனகுகிறது. பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட், நன்றாக இருக்கிறது. ஆகவே செல்ஃப் மோட்டாரைக் கழற்றுகிறார்கள். அதற்கு முன் இரண்டு நிமிட வேலை ஒன்று இருந்தது: ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் எங்கே தொலைகிறது என்று அளப்பது. பேட்டரி முனையில் 10.2 வோல்ட், செல்ஃப் மோட்டாரில் 8.1 வோல்ட். பாசிட்டிவ் கேபிளில் 0.3 வோல்ட் இழப்பு, பொறுத்துக்கொள்ளலாம். எஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையில் 1.8 வோல்ட். அந்தப் பக்கம் 0.2 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. எர்த் பட்டையின் முனை அரித்துப் போயிருக்கிறது.

இதை ஓம் மீட்டரால் ஏன் பிடிக்க முடியாது என்பதைப் புரிந்துகொள்வதில்தான் படிப்பின் மதிப்பு இருக்கிறது. 150 ஆம்பியர் ஓடும்போது 1.8 வோல்ட் இழப்பு என்றால் தடை 0.012 ஓம். சாதாரண மீட்டரின் கடைசி இலக்கம் 0.1 ஓம். திரையில் சுழி காட்டும், கேபிள் நல்லது என்று எழுதிவிட்டு அடுத்த பாகத்துக்குப் போய்விடுவோம். சுமை ஓடும்போது அளந்தால் மட்டுமே இந்தப் பழுது வெளியே வரும். அனுபவத்தால் இதைத் தெரிந்துகொண்ட பட்டறைக்காரர்கள் நிறைய உண்டு. ஆனால் ஓமின் விதியை உள்வாங்கியவர் இதே சிந்தனையை ஹெட்லைட்டுக்கும் பெட்ரோல் பம்புக்கும் எடுத்துச் செல்வார். பட்டறையில் செல்ஃபுக்கு மட்டும் கற்றவருக்கு அது செல்ஃபோடு நின்றுபோக வாய்ப்பு அதிகம்.

வண்டியின் கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் கேன் இணைப்பிலும் அப்படித்தான். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனரைச் செருகும் ஓபிடி சாக்கெட்டின் 6, 14 ஆகிய முனைகளுக்கு இடையில் அளந்தால் 60 ஓம் வர வேண்டும். இரு நுனியிலும் உள்ள 120 ஓம் தடைகள் இணையாகச் சேர்வதால் அந்த எண். 120 வந்தால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது, சுழிக்கு அருகே வந்தால் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இது தெரியாத இடத்தில் கன்ட்ரோல் யூனிட்டையே மாற்றச் சொல்வார்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் நேரப் புத்தகத்தில் குறித்த மணிக்குக் கூலி தரும் பட்டறைகளில் இது நேராகச் சம்பளத்தில் தெரியும். புத்தகத்தில் 2 மணி நேரம் என்று போட்ட வேலையை ஒன்றரை மணியில் முடித்தால் 2 மணிக்கே கூலி. அதே வேலை திரும்பி வந்தால் மறுபடி உழைப்பதற்குக் கூலி இல்லை. 8 மணி நேர கியர்பாக்ஸ் வேலை ஒன்று திரும்பினால், அரை மணி நேரமாக மிச்சம் பிடித்த 16 வேலைகளின் பலன் அத்தோடு போச்சு.

மின்சார, ஹைபிரிட் வண்டிகள் போன்ற உயர் மின்னழுத்த வண்டிகளை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், அங்கே தவறு செய்து கற்றுக்கொள்ள வழியே இல்லை. உயர் மின்னழுத்த பேட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை எடுத்தபிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். தயாரிப்பாளர் சொன்ன நேரம் காத்திருந்து, மின்னழுத்தம் இல்லை என்று அளந்து உறுதி செய்ய வேண்டும். அளக்கும் முன்னும் பின்னும் மீட்டரைத் தெரிந்த ஒரு மின்மூலத்தில் வைத்துச் சரிபார்க்க வேண்டும், இல்லாவிட்டால் செத்த மீட்டரும் சுழிதான் காட்டும். 1000 வோல்ட் தரக் கையுறையை ஒவ்வொரு முறையும் காற்றடைத்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தே போட வேண்டும். இந்த ஒழுங்கை ஒவ்வொரு படியாகச் செய்ய வைக்கும் படிப்பு என்றால், கட்டணத்தில் ஒரு பகுதிக்கு அங்கேயே நியாயம் கிடைத்துவிடுகிறது.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது

விளம்பரப் படத்தில் இருக்கும் புது வண்டிகளை விடுங்கள். ஒரு வண்டியைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். 24 மாணவர், 4 வண்டி என்றால் வண்டிக்கு 6 பேர். 3 மணி நேரச் செய்முறை வகுப்பில் ஒருவர் கையில் ஸ்பேனர் இருப்பது சராசரியாக 30 நிமிடம். வாரம் 2 வகுப்பு, ஆண்டுக்கு 32 வாரம், 2 ஆண்டு: 128 வகுப்பு, ஆளுக்கு 64 மணி நேரம். பட்டறைக் கணக்கில் 8 நாள் வேலை! இரண்டு ஆண்டு முடித்து வந்தவர் முதல் நாளில் தடுமாறுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. வண்டிக்கு 3 பேர் என்றால் அது 16 நாளாகும்.

அடுத்து, வண்டிகளில் பழுது வைத்துக் கொடுக்கிறார்களா? எத்தனையோ முறை கழற்றி மாட்டிய எஞ்சினை மறுபடி கழற்றி மாட்டுவது கைப்பழக்கம் தரும், பழுது கண்டுபிடிக்கும் பழக்கம் தராது. மறைத்து வைத்த ரிலே கோளாறு, உள்ளே அறுத்துவிட்ட வயர் என்று ஆசிரியர் வாரம் ஒன்று வைக்க வேண்டும். மின் சிக்னலைத் திரையில் அலையாகக் காட்டும் ஆஸிலோஸ்கோப் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் புரோப் முனை தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உறையோடு பளபளப்பாக இருந்தால் அது ஆய்வுக்கு வருகிறவர்களுக்குக் காட்ட வாங்கியது.

நான்கு ஆண்டு வாகனப் பொறியியல் பட்டத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வண்டியை வடிவமைப்பதற்கான படிப்பு. பழுதுநீக்கப் போகிறவருக்கு நேரமும் பணமும் இரட்டிப்பு. வாரன்ட்டிப் பிரிவு, தொழில்நுட்பப் பயிற்சி, தயாரிப்பாளரின் களப்பணி ஆகியவற்றைக் குறிவைப்பவருக்கு மட்டும் பொருந்தும்.

காகிதத்துக்கு மதிப்பே இல்லை என்பதும் சரியல்ல. முதுகும் முழங்காலும் நாற்பது வயதுக்கு மேல் கணக்குக் கேட்கத் தொடங்கும். தரையிலிருந்து எழுந்து சர்வீஸ் மேனேஜர், வாரன்ட்டி ஆய்வாளர், பயிற்சியாளர் நாற்காலிக்குப் போக நினைக்கும்போது, விண்ணப்பத்திலேயே டிப்ளமோ கேட்கும் இடங்கள் உண்டு. ஒன்பது ஆண்டுக் கணக்கில் இந்த வரவு தெரியவே தெரியாது. அதே சமயம் காகிதம் மட்டும் அனுபவத்துக்கு ஈடாகாது. அமெரிக்காவில் ஏஎஸ்இ என்ற அமைப்பு தரும் வாகனப் பழுதுநீக்கச் சான்றுகள் பெரும்பாலானவற்றுக்குத் தேர்வோடு 2 ஆண்டு வேலை அனுபவமும் வேண்டும், அதில் ஓராண்டு வரைதான் படிப்பால் ஈடுகட்ட முடியும். 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும்.

இந்த 18 வயதுக்காரருக்கு என்ன முடிவு?

நல்ல தொழிற்பழகுநர் இடம் இருந்தால் அதுதான் முதல். இல்லையென்றால் உடனே கல்லூரியில் சேராமல் ஆறு மாதம் ஹெல்பராக நிற்பது நல்லது. அந்த ஆறு மாதத்தில் பணம் போவதில்லை, வருகிறது. கிரீஸும் வெயிலும் ஒத்துவரவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டால், முதல் ஆண்டோடு படிப்பை விட்டு 20 பங்கு தொலைக்கும் ஆபத்து இல்லை. ஒத்துவந்தால், கல்லூரிக்குள் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்த மாணவராகப் போவார்.

சேரும்போது கட்டணத்தை ஆண்டு முழுவதற்கும் சேர்த்துக் கட்டாமல் பருவம் பருவமாகக் கட்ட முடியுமா என்று கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். காரணம், படிப்பின் ஆறாம் மாத முடிவில் ஒரு சோதனை வைக்கப் போகிறோம். ஒரு வண்டியில் ஒரு விளக்குச் சுற்றில் பழுது வைத்து, வயரிங் வரைபடம், மீட்டர், டெஸ்ட் லேம்ப் மூன்றையும் கொடுத்து, எந்தப் பாகத்தையும் மாற்றாமல் ஒரு மணி நேரத்துக்குள் பழுதின் இடத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும். மாணவருக்கு மட்டும் வரவில்லை என்றால் அடுத்த பருவத்தில் அதற்கு உழைக்கலாம். வகுப்பில் ஒருவருக்குமே வரவில்லை என்றால் குறை வகுப்பில். அப்போது வெளியேறினால் கட்டணம் 5, புத்தகம் 0.5, இழந்த சம்பளம் 6, பகுதிநேர வருமானம் 1.5 கழித்து இழப்பு 10 பங்கு. ஆண்டுக் கட்டணத்தை முன்பே கட்டியிருந்தால் அதுவே 15.